கிடார் கழுத்தில் இருக்கிறது

எலெக்ட்ரிக் கிடார் என்றதும் எல்லோர் கண்ணும் அதன் உடம்பு மேல்தான் போகும். கொம்பு வைத்த வடிவம், பளபளக்கும் பெயின்ட், குரோம் பூசிய திருகுகள். கடையில் விலை பேசுகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். வாசிப்பவரின் இடது கை காலம் பூராவும் குடியிருப்பதோ கழுத்தில். அங்கே ஒரு மயிரிழை பிசகினால் உடம்பு எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை. வீட்டிலேயே கிடார் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உழைப்பில் முக்கால் பங்கைக் கழுத்துக்கு எடுத்து வையுங்கள்.

கோவை கணபதியில் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்துகொடுப்பது என் தொழில். பம்ப் கேசிங்கோ மோட்டார் பாடியோ, எதை வார்ப்பதானாலும் முதலில் அதே வடிவில் மரத்தில் ஒன்று வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் எங்கள் அளவுகோலிலேயே ஒவ்வொரு கோடும் அந்த அளவுக்குத் தள்ளிப் போட்டிருக்கும். அரை மில்லிமீட்டர் தப்பினால் வார்ப்பு குப்பைக்குப் போகும். இந்தத் தொழிலில் பழகிய கைக்கு, என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் கிடார் கேட்டபோது, வாங்குவதைவிடச் செய்வதுதான் இயல்பாகத் தோன்றியது.

எலெக்ட்ரிக் கிடாரின் உடம்பு எவ்வளவு எளிமையானது என்பதை அமெரிக்காவின் லெஸ் பால் 1940ஐ ஒட்டியே காட்டிவிட்டார். நாலங்குலச் சதுரப் பைன் கட்டையில் ஒரு கழுத்தையும், ஒலியை எடுக்கும் பிக்கப்பையும் பொருத்தி வாசித்தார். பார்க்க நன்றாக இல்லை என்பதால் வேறொரு கிடாரை அறுத்து அதன் இரு பக்கங்களையும் கட்டையோடு ஒட்டிக்கொண்டார். கட்டைக்கு ‘லாக்’ என்றே பெயர். 1950இல் லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் விற்கத் தொடங்கிய கிடாரும் பலகை உடம்புதான். கழுத்தை நான்கு திருகுகளால் முடுக்கியிருந்தார். ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்த்தவர், கிடார் வாசிக்கத் தெரியாதவர். கழுத்து தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம் என்று யோசித்தது அந்த மெக்கானிக் மூளை. வீட்டில் செய்பவருக்கு இந்தத் திருகுக் கழுத்து பெரிய வசதி. உடம்பையும் கழுத்தையும் தனித்தனியாகச் செய்யலாம். ஒன்று சரியாக வராவிட்டாலும் மற்றது வீணாகாது.

மகளின் கிடாருக்கு உடம்பாகப் பலாப் பலகையை எடுத்தேன். தஞ்சாவூரில் வீணை குடைவதும் பலாவில்தான். எலெக்ட்ரிக் கிடாரில் ஒலியை எடுப்பது கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தம். வீணையின் குடம்போல உடம்பு அதிர்ந்து ஒலியைப் பெருக்க வேண்டியதில்லை. உடம்பு மரம் தொனியை மாற்றுமா என்ற வாக்குவாதம் ஓயாமல் நடக்கிறது. என்னைப் பொறுத்தவரை தோளில் தாங்கும் எடை, திருகைப் பிடித்து நிற்கும் உறுதி, நன்றாகக் காய்ந்திருப்பது ஆகிய மூன்றும் போதும். பலாவில் இன்னொரு சந்தோஷம் அதன் நிறம். இழைத்த அன்று மஞ்சளாக இருப்பது வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வரும். 45 மில்லிமீட்டர் தடிமனில் பலகையை ஒட்டி, வரைந்து, அறுத்து, வயிறும் முழங்கையும் படும் இடங்களை அரத்தால் சரித்துவிட்டால் உடம்பு வேலை ஏறக்குறைய முடிந்தது.

கழுத்துக்கு வருவோம். ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்ததும் அவை இழுக்கும் இழுப்பு, வழக்கமான கம்பிகளில் சுமார் 45 கிலோ. விரல் வளைந்து பிடிக்கும் அளவுக்கு ஒல்லியான மரம் இதைப் பல வருடம் தாங்க வேண்டும். பழைய தேக்குச் சட்டத்தை மூன்று பட்டையாகக் கிழித்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினேன். ஒன்று ஒரு பக்கம் முறுக்கப் பார்த்தால் மற்றது எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம். அதனால் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. கழுத்தின் நடுவே பள்ளம் எடுத்து இரும்புக் கம்பி ஒன்றைப் புதைப்பது அவசியம். அதன் நுனி நட்டை முடுக்கினால் கம்பிகளின் இழுப்புக்கு எதிராகக் கழுத்து பின்னுக்கு வளையும். ட்ரஸ் ராடு என்கிற இந்த ஏற்பாட்டுக்கு கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மக்ஹ்யூ 1923இல் காப்புரிமை பெற்றார்.

கழுத்துக்கு ஒசத்தியான மரம்தான் வேண்டும் என்றில்லை. லண்டனுக்கு மேற்கே ஃபெல்தமில் 16 வயதுப் பையனாக இருந்த பிரையன் மே, 1963இல் தன் தந்தை ஹாரல்டுடன் சேர்ந்து வீட்டில் ஒரு கிடார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குக் கிடைத்தது பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். அதில் புழு அரித்த துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார். மெட்டுகள் பதியும் ஃபிரெட் பலகையில் புள்ளி வைக்க அம்மாவின் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பித்தான்கள், கம்பியைத் தளர்த்தி இறுக்கும் பொறிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். இரண்டு வருடம்போல ஆனது. பிறகு குயீன் குழுவின் பாட்டுகளில் உலகமே கேட்டது அந்தக் கிடாரைத்தான். தகப்பனும் பிள்ளையுமாக உட்கார்ந்து செய்தார்கள் என்பதே எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம்.

ஃபிரெட் பலகைக்கு ஈட்டி மரம். அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்தப்படி 2017 முதல் இதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கொடுத்தார்கள். எதுவானாலும் ரசீதோடு வாங்குங்கள். அறுக்கும்போது முகமூடி கட்டாயம். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும்.

இனி கணக்கு. வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திச் சேர்ப்பார்கள். கிடாரில் பள்ளத்தை அறுத்தபின் நகர்த்த வழியில்லை. எனவே கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுக்க வேண்டும். மகளின் கிடாருக்குக் கம்பி நீளம் 648 மில்லிமீட்டர்; வகுத்தால் முதல் ஃபிரெட் 36.37இல் வரும். மிச்ச நீளத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் 12ஆவது ஃபிரெட் சரிபாதியில், 324இல் வந்து நிற்கும். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581இலேயே 18 என்ற எண்ணை வைத்து இந்த வேலைக்கு வழி சொன்னார். கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் 648 நீளத்தில் 12ஆவது ஃபிரெட் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் வந்துவிடும். ஒவ்வொரு ஃபிரெட்டின் தூரத்தையும் முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளக்காமல், கம்பி தொடங்கும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். அப்போதுதான் சின்னச் சின்ன வித்தியாசங்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகாது. கோட்டைக் கூர்மையான கத்தி நுனியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் உண்டு.

ஃபிரெட் கம்பிகளை அடித்து இறக்கியதும் பலரும் வேலை முடிந்தது என்று கம்பி மாட்டிவிடுவார்கள். எனக்கு வேலையே அங்கேதான் ஆரம்பம். எல்லா ஃபிரெட்டுகளின் தலையிலும் கறுப்பு மார்க்கரால் கோடு இழுப்பேன். நேர்மட்டமான இரும்புச் சட்டத்தின் அடியில் உப்புத்தாள் ஒட்டி, கழுத்து நெடுக ஒரே அழுத்தத்தில் தேய்ப்பேன். நாலைந்து இழுப்பிலேயே சங்கதி தெரிந்துவிடும். உயரமான ஃபிரெட்டில் மை போய்ப் பித்தளைக்கும் வெள்ளிக்கும் நடுவான பளபளப்பு எட்டிப் பார்க்கும், தாழ்ந்ததில் மை அப்படியே இருக்கும். கடைசி மைப் பொட்டு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இப்போது தலைகள் தட்டையாகியிருக்கும். தட்டைத் தலையில் கம்பி அகலமாக உட்கார்ந்து சுருதி மங்கும். மறுபடி மை பூசி, குழிந்த அரத்தால் இரு தோள்களையும் வட்டமாக்கி, உச்சியில் மெல்லிய மைக்கோடு ஒன்றை மட்டும் விட்டுவைப்பேன். பிறகு 400, 800, 1500 என்று தாளை நைசாக்கிக்கொண்டே போய் மெருகு.

அதன்பின் ஃபிரெட்டுகளின் ஓரங்கள். கோவையில் பங்குனிக் காய்ச்சலில் மரம் சுருங்கும், ஃபிரெட்டின் உலோகம் சுருங்காது. மழைக்காலத்தில் வழவழப்பாக இருந்த கழுத்தின் ஓரத்தில், வெயில் காலத்தில் ஃபிரெட் நுனிகள் முள்ளாக நீட்டிக்கொண்டு கையைக் கீறும். அதற்காக ஒவ்வொரு நுனியையும் தனித்தனியாக, சின்ன அரத்தால் மூன்று பக்கமும் உருட்டிவிடுவேன். 22 ஃபிரெட், 44 நுனி. இதில் அவசரப்பட்ட கிடாரை இருட்டிலும் கண்டுபிடித்துவிடலாம்.

கழுத்தின் முதுகைச் செதுக்க எனக்கு வார்ப்புப் பட்டறைப் பழக்கம் உதவியது. முதலில் சதுரத்தின் மூலைகளைச் சாய்த்து எட்டுப் பட்டையாக்கி, அந்தப் பட்டைகளின் மூலைகளையும் சாய்த்தால் வளைவு தானாகப் பிறக்கும். முதல் ஃபிரெட்டில் 21 மில்லிமீட்டர், 12ஆவதில் 23 என்று கனம் வைத்தேன். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படுக்கை வாட்டில் பிடித்தால் மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழும். அதையும் தாண்டி ஒன்று உண்டு. மகளைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை மேலும் கீழும் ஓட்டச் சொன்னேன்.

“அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல தட்டுதுங்கப்பா.”

“எந்தப் பக்கம் கண்ணு?”

“பெருவிரல் பக்கம்.”

வெர்னியரில் அந்த இடம் சரியாகவே காட்டியது. வளைவு தோளில் சற்றுப் புடைத்திருந்ததைக் கண்டுபிடித்தது அவள் பெருவிரல்தான். வாசிக்கப்போகிறவரின் கையை வைத்துச் செதுக்கலாம் என்பதுதான் வீட்டில் செய்யும் கிடாரின் உண்மையான லாபம். கடையில் தொங்கும் கிடார் யாரோ ஒரு சராசரிக் கைக்காகச் செய்தது.

மெருகு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உடம்புக்கு அரக்குப் பாலீஷ்தான். ஜார்க்கண்ட் காடுகளில் குசும், புரசு மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சியின் சுரப்பு அது. தகடுகளைச் சாராயச் சத்தில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய உருண்டையில் நனைத்து, துளி எண்ணெய் தொட்டு, எட்டுப் போட்டபடி தேய்க்க வேண்டும். நடுவில் கை நின்றால் உருண்டை ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். பலாவின் துளைகளை நுரைக்கல் தூள் தூவித் தேய்த்து அடைக்கலாம். மழை ஈரத்தில் செய்தால் பூச்சு வெளுத்துப் பூக்கும். வெயில் நாளாகப் பார்த்து உட்காருங்கள். ஸ்ப்ரே பெயின்ட் போல இது கடினமாக இருக்காது. ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்துச் சேர்த்துவிடலாம்.

கழுத்தின் முதுகுக்கு அரக்கு ஆகாது, வியர்வைக்குப் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துக் காயவிட்டு, நைசான தாளால் உரசி, மறுபடி எண்ணெய். வெறும் மரத்தைத் தொடுவது மாதிரியே இருக்கும், அழுக்கும் ஏறாது. ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது சூடு கிளம்பித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

மின் வேலை சுருக்கம்தான். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் கனத்துச் செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்னோட்டம் பிறக்கும். முதல் கிடாருக்கு இதை வாங்கிவிடுவதே நல்லது. உள்பள்ளத்தில் செப்புத்தாள் ஒட்டி எர்த்தோடு சேர்த்தால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையும்.

கம்பி ஏற்றியபின் 12ஆவது ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரமும், அதே இடத்தில் விரலை லேசாக வைத்து எழுப்பும் ஒலியும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது ஏறி நின்றால் அந்தக் கம்பியின் பாலத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். தடித்த கம்பிக்கு அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கும். புதுக் கழுத்து இழுப்புக்குப் பழக நாளாகும், பருவம் மாறினாலும் அசையும். அதனால் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டுப் பார்க்க மகளைப் பழக்கியிருக்கிறேன். அதற்கான அலன் கீயைக் கிடார் உறையின் பக்கப் பையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள்.