தொடுதிரை தவறினால் குற்றம் யாருடையது?

எமது கடைகள் பலவற்றில் பில் போடும் வேலை தொடுதிரைக்கு மாறிவிட்டது. சீனிக்குப் பதிலாகப் பக்கத்துப் பொத்தானில் உள்ள பருப்பு பதிவாகிவிட்டால், முதலாளியின் கோபம் கல்லாவில் நிற்கும் பிள்ளை மீதுதான் பாய்கிறது. சம்பளத்தில் கழிப்பவர்களும் உண்டு. அதற்கு முன் இந்தத் திரை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

கையடக்கத் தொலைபேசிகளிலும் புதிய பில் இயந்திரங்கள் பலவற்றிலும் திரைக் கண்ணாடியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திகள் வலைபோல் ஓடுகின்றன. (அழுத்தினால் இயங்கும் பழைய ரகம் வேறு.) விரல் பட்டதும் அவ்விடத்து மின்னேற்றம் மாறுகிறது. விரல் பதிவதோ புள்ளியாக அல்ல, பல மில்லிமீற்றர் அகலமான பரப்பாக. மாற்றம் எங்கே கூட, எங்கே குறைவு என்று பார்த்து, அதன் மையத்தை ஒரு சில்லு கணக்கிடுகிறது. அந்த மையம் எந்தப் பொத்தானுக்குள் விழுகிறதோ, அதையே நாம் தொட்டதாக மென்பொருள் எடுத்துக்கொள்கிறது.

சிக்கல் இங்குதான். நாம் குறிபார்ப்பது விரலின் மேற்புறத்தைப் பார்த்து. திரையில் படுவது அடிப்புறத்துச் சதை. இதனால் ஏற்படும் விலகல் ஆளுக்கு ஆள், விரலின் சாய்வுக்குச் சாய்வு மாறுபடுகிறது என்பதை கிறிஸ்டியன் ஹோல்ஸ், பட்ரிக் பௌடிஷ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கவனயீனம் என்று நாம் ஏசுவதில் ஒரு பங்கு இந்த விலகல்தான்.

2007இல் வந்த ஐபோன் இதற்கு ஒரு தந்திரம் செய்தது. ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்தைத் தொட்டால் அடுத்து ‘எச்’ வரக்கூடும் என ஊகித்து, அதன் தொடு எல்லையை மட்டும் இரகசியமாகப் பெரிதாக்கும். படத்தில் விசையின் அளவு மாறாது. பில் இயந்திரத்துக்கு இந்த வசதி எங்கே? சீனிக்குப் பின் வாடிக்கையாளர் எதைக் கேட்பார் என்று யாருக்குத் தெரியும்?

எனவே பொத்தானின் அளவுதான் கைகொடுக்கும். அன்ட்ரொயிட் வழிகாட்டி ஏறத்தாழ 9 மில்லிமீற்றரைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. விரலை எடுக்கும்போது மட்டுமே பதிவாகும் மென்பொருளும் நல்லது; தவறான பொத்தானில் விரல் பட்டுவிட்டால், எடுக்காமலே வெளியே இழுத்துத் தப்பலாம்.

இயந்திரம் வாங்கும்போது முதலாளி தொட்டுப் பார்த்தால் போதாது. கல்லாவில் நிற்கப் போகிறவரைக் கொண்டு, பின்னேர நெரிசலின் வேகத்தில் பில் போட்டுப் பாருங்கள். இறைச்சிக் கடையாயின் ஈரக் கையோடும் பாருங்கள். நீர்த்துளியும் திரையைக் குழப்பும். ‘அழி’ பொத்தானும் ‘பணம் பெறு’ பொத்தானும் அருகருகே இருந்தால், காசு கொடுக்கும் முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள்.