யூதர் அடுக்களையின் காவலர்

பிறர் ஆக்கிய உணவுக்கு நாம் கைநீட்டும் ஒவ்வொரு வேளையிலும், கண்ணாற் காணாத ஒருவரை நம்பியே நீட்டுகிறோம். சட்டி கழுவியவர் யார், மரக்கறிக்கென வைத்த அகப்பை மச்சக்கறிக்குள் சென்றதா என்பவற்றை நாம் அறியோம். இந்த நம்பிக்கையையே ஒரு பதவியாக்கி, அதற்கு ஒருவரை நியமித்து, அவர் சொல்லைச் சாட்சியாகக் கொண்டு உண்ணும் மக்கள் யூதர்கள். அப்பதவியினரை எபிரேய மொழியில் ‘மஷ்கியாக்’ என்பர். ‘மேற்பார்த்திருப்பவர்’ என்பது பொருள். இறைவன் உலகை நோக்கிக் காத்தலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் இதே வேரிற் பிறந்ததாகும்.

எது தகும், எது தகாது?

யூதர் தாம் உண்ணத்தக்க உணவைக் ‘கோஷர்’ என்பர். ‘தகுதியானது’ என்பதே அதன் பொருள். பிளவுபட்ட குளம்பும் அசைபோடும் இயல்பும் ஒருங்கே உடைய விலங்குகள் தகும். அசைபோடாத பன்றி தகாது. செட்டையும் செதிலும் உள்ள மீன் தகும். நண்டும் இறாலும் கணவாயும் தகா. தக்க விலங்காயினும், அது விதிப்படி அறுக்கப்படல் வேண்டும். அதன் இறைச்சி அரைமணி நேரம் நீரில் ஊறி, ஒரு மணி நேரம் உப்பிற் கிடந்து, குருதி நீங்கிக் கழுவப்படல் வேண்டும். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிற் சமைத்தலாகாது என்னும் கட்டளை மோசேயின் நூல்களில் மூன்று இடங்களில் வருகிறது. இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைப்பதும் உண்பதும் கூடாதென்னும் பெருவிதி அதிலிருந்தே எழுந்தது. ஆதலால் விதி வழுவாத இல்லங்களில் சட்டி, பானை, கரண்டி யாவும் இரண்டு தொகுதிகளாக இருக்கும்.

காவலரின் கடமைகள்

இல்லத்தில் இவற்றைக் குடும்பத்தாரே பேணுவர். உணவுச்சாலையிலும் திருமண மண்டபத்திலும் தொழிற்சாலையிலுமே மஷ்கியாக் வேண்டப்படுகிறார். காலையில் அடுப்பை மூட்டுபவர் அவரே. யூதர் ஒருவர் சமையலிற் பங்குகொள்ளல் வேண்டும் என்னும் விதி தீ மூட்டுவதாலேயே நிறைவேறும் என்பது ஐரோப்பிய யூதர் மரபு. வந்திறங்கும் இறைச்சியின் முத்திரைகள் இரண்டும் உடையாதிருக்கின்றனவா என அவர் பார்க்கிறார். முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து, இரத்தப்புள்ளி உண்டா என நோக்குகிறார். கீரையை விளக்கொளியில் விரித்துப் பூச்சி தேடுகிறார். தொழிற்சாலையாயின், ஜெலற்றினும் கிளிசரினும் எதிலிருந்து பெறப்பட்டன என ஆராய்கிறார். சில இடங்களில் அவர் நாள் முழுவதும் இருப்பார். வேறு சில இடங்களுக்கு முன்னறிவிப்பின்றி வந்துபோவார். எந்நேரமும் வரலாம் என்னும் அச்சமே அங்கு காவலாகிறது.

இறைச்சிப் பானையிற் சிறிது பால் வீழ்ந்துவிட்டதெனக் கொள்வோம். பானையில் உள்ளது அப்பாலைப்போல் அறுபது மடங்காயின், வீழ்ந்தது அற்றுப்போனதாகக் கருத விதியில் இடமுண்டு. ஆயினும் அதைத் தீர்ப்பது ரபியின் வேலை. கண்டதைக் கண்டபடி உரைப்பதே மஷ்கியாக்கின் வேலை. விருந்தினர் பசியோடு காத்திருக்க, உரிமையாளர் முகஞ்சுளிக்க, “பானையை இறக்குங்கள்” என்று சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும்.

சொல்லும் சம்பளமும்

யூதச் சட்டத்தில் வழக்குகளை நிறுவச் சாட்சிகள் இருவர் தேவை. உணவு தகுமா என்பதற்கோ நம்பத்தக்க ஒருவரின் சொல்லே போதும். அவர் ஆணாகவே இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. பெரும் சட்ட அறிஞரான ரபி மோஷே ஃபைன்ஸ்டைன், விதவைப் பெண்ணொருவர் இப்பணியை ஏற்பதற்கு இசைவளித்தார்.

ஒருவர் சொல்லே போதுமெனின், அச்சொல் விலைபோகாதிருத்தல் வேண்டும். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? இவ்வினா பலரை வருத்தியுள்ளது. 1888ஆம் ஆண்டு நியூயோர்க் யூதர், இறைச்சி வணிகத்தைச் சீர்செய்யும் பொருட்டு, ரபி ஜேக்கப் ஜோசப் என்பவரை வில்னா நகரிலிருந்து தலைமை ரபியாக அழைத்தனர். மேற்பார்வையில் அறுக்கப்பட்ட கோழிக்கு ஈயமுத்திரை இடப்பட்டது. அதற்கென ஒரு சதம் கூட்டப்பட்டது. ரஷ்யப் பேரரசில் கோஷர் இறைச்சிக்கு விதிக்கப்பட்ட வரியை நினைந்து மக்கள் வெகுண்டனர். திட்டம் குலைந்தது. ரபியும் நோயுற்று 1902இற் காலமானார்.

பின்னர் பொது அமைப்புகள் இப்பொறுப்பை ஏற்றன. 1923இல், அமெரிக்க வைதிக யூத சபைகளின் ஒன்றியம் ஹைன்ஸ் நிறுவனத்தின் தகரத்தில் அடைத்த அவரைக்குச் சான்று வழங்கியது. வட்டத்துள் ‘யூ’ எழுத்தமைந்த அதன் அடையாளம் இன்று உலகெங்கும் காணப்படுகிறது. நிறுவனத்திடம் அமைப்பே கட்டணம் பெற்று மஷ்கியாக்கிற்குச் சம்பளம் வழங்குதல் நன்று என்பர் அறிந்தோர். எனினும் எல்லா இடங்களிலும் அவ்வாறு நடைபெறுவதில்லை.

காவல் தவறினால் விளைவதென்ன? 2006ஆம் ஆண்டு, நியூயோர்க் மாநிலத்து மொன்சி என்னும் ஊரில், கோஷர் அல்லாத கோழியிறைச்சி பொதிமாற்றப்பட்டுக் கோஷர் என விற்கப்பட்டமை வெளிப்பட்டது. கடைக்காரரின் பக்தியை நம்பியிருந்த குடும்பத்தார் தம் பாத்திரங்களைக் கொதிநீரில் இட்டும் தீயிற் காய்ச்சியும் தூய்மை செய்ய நேர்ந்தது. பணத்தைத் திருப்பித் தரலாம். உண்டதைத் திருப்ப இயலுமோ?

ஆகவே காவலரை நியமித்தல் மட்டும் போதாது. அவர் ‘தகாது’ என்று சொல்லும் நாளில், அவர் வீட்டு அடுப்பு அணையாதிருக்க வழிசெய்தலும் வேண்டும். உணவைச் சோதிப்போர்க்கு மாத்திரமன்றி, கணக்கைச் சோதிப்போர்க்கும் மருந்தைச் சோதிப்போர்க்கும் இது பொருந்தும் என்பதை நம் மாணவர்கள் சிந்திப்பார்களாக.