முன் சக்கரமும் எரிபொருள் சிக்கனமும்

எரிபொருள் விலை உயரும்போதெல்லாம் சிக்கன யோசனைகளும் உடன்பிறக்கின்றன. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப் வைத்திருப்போரிடையே நெடுங்காலமாக உலவும் யோசனை ஒன்று உண்டு. முன் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் பாகங்களைக் கழற்றிவிட்டால் டீசல் கணிசமாக மிச்சமாகும் என்பதே அது. மலையேறாத வண்டிக்கு முன் சக்கர இயக்கம் எதற்கு என்று கேட்கிறார்கள். நான் பொறியாளன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆனால், ஒரு சிக்கனம் உண்மையில் சிக்கனம்தானா என்று எடைபோடுவது என் துறையின் அன்றாட வேலை. அந்த வகையில் இந்தக் கேள்வியை அணுகலாம்.

முதலில் இயக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய ஜீப்புகளில் கியர் பெட்டிக்குப் பின்னால் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற இன்னொரு பெட்டி இருக்கிறது. என்ஜினின் விசையைப் பின் சக்கரங்களுக்கு மட்டும் அனுப்புவதா, முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிப்பதா என்பதை ஓட்டுநர் அதன் மூலம் தீர்மானிக்கிறார். இரு சக்கர இயக்கத்தில் வைத்தால் முன்பக்கத்துக்கு விசை செல்வதில்லை. ஆனால், முன்பக்கப் பாகங்கள் ஓய்வெடுப்பதும் இல்லை. சாலையில் உருளும் முன் சக்கரங்கள் ஆக்சில் தண்டுகளைச் சுழற்றுகின்றன. அவை டிஃப்ரன்ஷியலில் உள்ள கிரவுன் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. அது முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுழற்றுகிறது. வேலை ஏதும் செய்யாத இந்தச் சுழற்சிக்கான செலவையும் என்ஜின்தான் ஏற்கிறது.

அந்தச் செலவு எங்கே போகிறது? கெட்டியான கியர் ஆயிலைக் கிரவுன் சக்கரம் கடைவதிலும், பேரிங்குகள், ஆயில் சீல்கள் ஆகியவற்றின் உராய்விலும் போகிறது. இங்கேதான் பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் இருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டை மட்டும் கழற்றினால், ஆக்சில் தண்டுகளும் கிரவுன் சக்கரமும் முன்போலவே சுழன்றுகொண்டிருக்கும். இழப்பின் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்கிறது என்பதால், கழற்றிய உழைப்புக்குக் கிடைக்கும் பலன் சொற்பமே. சக்கரத்துக்கும் ஆக்சில் தண்டுக்கும் இடையிலான பிணைப்பைத் துண்டித்தால்தான் முன்பக்கம் முழுவதும் அசையாமல் நிற்கும்.

இந்த உண்மை புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ராணுவ ஜீப்புகள் பொதுமக்களின் கைக்கு வந்தன. போர்க்களத்துக்காகப் படைக்கப்பட்ட வண்டியைச் சாலைக்கு ஏற்றதாக்க வேண்டிய தேவை எழுந்தது. 1948-இல் ஆர்தர் வார்ன் என்பவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய நிறுவனம், சக்கரத்தின் மையத்திலேயே பிணைக்கவும் விடுவிக்கவும் கூடிய 'ஹப்'களைத் தயாரித்து விற்றது. தேவைப்படும்போது கையால் திருகிப் பிணைக்கலாம், தேவையில்லாதபோது விடுவிக்கலாம். 'ஃப்ரீ வீல் ஹப்' என்று நம் பட்டறைகளில் அழைக்கப்படுவது இதுதான். ஆக, எதையும் கழற்றி வீசாமலேயே தீர்வு கிடைத்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

சரி, ஹப்பை விடுவிப்பதால் எவ்வளவு மிச்சமாகும்? ஒரு வண்டி சமதளச் சாலையில் செல்லும்போது இரு பெரும் தடைகளைச் சந்திக்கிறது. ஒன்று டயர்களின் உருளல் தடை; மற்றொன்று காற்றின் தடை. ஜீப்பின் உடல் பெட்டி போன்றது. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் அதற்கு இல்லை. இவ்விரு தடைகளுடன் ஒப்பிட்டால், வெறுமனே சுழலும் முன் ஆக்சிலின் இழுவை மிகச் சிறியது. சேமிப்பு நூற்றுக்கு ஓரிரு பங்கு அளவில் அமையும் என்று கொள்வதே நியாயமான மதிப்பீடு. குளிர் நாடுகளில் கியர் ஆயில் இறுகுவதால் இழப்பு கூடும். மதுரை வெயிலில் ஆயில் இளகிவிடுவதால் அந்த இழப்பும் இங்கே குறைவு.

எடை குறைகிறதே என்று சிலர் கேட்கலாம். ஒன்றரை டன் எடையுள்ள வண்டியில் பத்துக் கிலோ குறைவது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. பக்கத்து இருக்கையில் உள்ள அரிசிச் சிப்பத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலே அந்தப் பலன் கிடைத்துவிடும்.

'கழற்றிய பின் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது' என்று உறுதியாகச் சொல்பவர்களை நான் அறிவேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அளவீடுதான் பொய் சொல்கிறது. மதுரையிலிருந்து விருதுநகர் சென்று திரும்பினால் ஏறத்தாழ 100 கி.மீ. லிட்டருக்கு 10 கி.மீ. தரும் வண்டிக்கு 10 லிட்டர் செலவாகும். டேங்கை நிரப்பும்போது அரை லிட்டர் கூடவோ குறையவோ போனால், அதுவே 5 சதவீதப் பிழை. நாம் தேடும் வேறுபாடு 2 சதவீதம். இத்துடன் காற்றின் திசை, போக்குவரத்து நெரிசல், ஓட்டுநரின் உற்சாகம் ஆகியவையும் சேர்கின்றன. சிக்கனத்தைச் சோதிக்கப் புறப்பட்டவர் தம்மை அறியாமலேயே நிதானமாக ஓட்டுவார். உண்மையை அறிய விரும்பினால் ஆயிரம் கிலோமீட்டர் பிணைத்தும், ஆயிரம் கிலோமீட்டர் விடுவித்தும், மீண்டும் ஆயிரம் கிலோமீட்டர் பிணைத்தும் ஓட்டி ஒப்பிட வேண்டும்.

இப்போது ரூபாய்க் கணக்கு. ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும் வண்டி 1,000 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீதம் என்பது 20 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாகக் கொண்டால், ஆண்டுக்கு 2,000 ரூபாய். கழற்றும் கூலி, மழைக்காலத்தில் மீண்டும் மாட்டும் கூலி, அடுத்த கோடையில் மறுபடியும் கழற்றும் கூலி ஆகியவற்றை இதில் கழித்துப் பார்த்தால் மீதம் எவ்வளவு என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

பொருளியலில் 'விருப்புரிமை மதிப்பு' என்றொரு கருத்து உண்டு. இன்று பயன்படுத்தாவிட்டாலும், நாளை பயன்படுத்தும் வாய்ப்பு கையில் இருப்பதற்கே ஒரு மதிப்பு இருக்கிறது. சமவெளியில் ஓடும் ஜீப் என்றாவது ஒருநாள் சிறுமலைக்கோ, போடிமெட்டுக்கோ, மேகமலைக்கோ போகும். மழையில் நனைந்த தோட்டப் பாதையில் பின் சக்கரங்கள் மட்டும் உதவாது என்ற நிலை வரும்போது, வண்டிக்குள் பத்துப் பேர் இருக்கக்கூடும். அப்போது பட்டறை மூலையில் கிடக்கும் ஷாஃப்ட் எதற்குப் பயன்படும்? மேலும், முன்பக்கத்தைக் கழற்றிய வண்டியில் தாழ் கியரை இட்டால், நான்கு சக்கரங்கள் பகிர வேண்டிய பெருவிசை முழுவதும் பின் ஆக்சில் மீது விழும். ஏற்றத்தில் பின் ஆக்சில் தண்டு முறிந்தால், ஆண்டுச் சேமிப்பு மட்டுமன்று, அதற்கு மேலானதும் பறிபோகும்.

எல்லா நேரமும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை வண்டிகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. அவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே ஒரு மைய டிஃப்ரன்ஷியல் இருக்கிறது. முன் ஷாஃப்டைக் கழற்றினால் விசை தடையற்ற அந்தப் பக்கமே ஓடிவிடும். மைய டிஃப்ரன்ஷியலைப் பூட்டாவிட்டால் வண்டி நகராது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. பாகத்தில் கைவைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும், காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டறிவது நல்லது.

இதே கேள்வியை வயலுக்கு எடுத்துச் சென்றால் விடை தலைகீழாகிறது. பெரியாறு - வைகைப் பாசனத்தின் இருபோக வயல்களிலும், மேலூர்ப் பகுதியிலும், திருமங்கலத்துக் கரிசலிலும் நான்கு சக்கர இயக்க டிராக்டர்களைக் காண முடிகிறது. சேற்றில் சக்கரம் சறுக்கும் அளவுக்கு ஆற்றல் மண்ணிலேயே கரைகிறது. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கையில் சறுக்கல் 20 சதவீதம் என்றும், முன் சக்கரங்களும் சேர்ந்தால் 12 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், அதே உழவுக்குச் சக்கரங்களில் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. ஜீப்பில் கழற்றிக் கிடைப்பதைவிட, டிராக்டரில் பிணைத்துக் கிடைப்பது பன்மடங்கு அதிகம்.

ஆனால், அதே டிராக்டர் டிரைலருடன் தார்ச்சாலைக்கு வந்தவுடன் முன் இயக்கத்தை விடுவித்துவிட வேண்டும். டிராக்டரின் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று விரைவாகச் சுழலும்படியே வடிவமைக்கப்படுகின்றன. வயலில் மண் விட்டுக்கொடுக்கும், சாலை விட்டுக்கொடுக்காது. டயர் தேயும், டீசல் வீணாகும். எனவே, சாலையில் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்றும், வயலில் ஏக்கருக்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். அளவுகோல் மாறினால் சிக்கனத்தின் பொருளும் மாறிவிடுகிறது.

எரிபொருள் தட்டுப்பாட்டை அறிவால் எதிர்கொண்ட வரலாறு மதுரைக்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, இங்கே பேருந்துத் தொழிலை வளர்த்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், வாகனங்களை ஓட்ட மாற்று வழியாக எரிவாயுக் கலன்களைத் தயாரித்தளித்தார். அவர் வண்டியின் திறனைக் குறைக்கவில்லை; எரிபொருளின் இடத்தில் வேறொன்றை வைத்தார்.

கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில் ஒவ்வொரு லிட்டரும் முக்கியமானதுதான். அதனாலேயே முயற்சிகளை வரிசைப்படுத்த வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் உள்ள காற்றுத் தடை, 80 கி.மீ. வேகத்தில் முக்கால் மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகமே சிக்கனமானது என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் பல ஆண்டுகளாக அறிவுறுத்தி வருகிறது. எனவே முதலில் வேகம். அடுத்து டயரின் காற்றழுத்தம். அதன் பின் தார்ச்சாலையில் இரு சக்கர இயக்கம். கடைசியாக, ஹப் இருந்தால் இரு பக்கமும் ஒருசேர விடுவித்தல். அவ்வாறு விடுவித்தவர்கள், உள்ளே ஆயில் பரவுவதற்காக மாதம் ஒருமுறையாவது பிணைத்துச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும்.

இவற்றில் எதற்கும் ஸ்பேனர் தேவையில்லை. கழற்றுவதற்கு முன், கழற்றாமல் எவ்வளவு மிச்சப்படுத்த முடியும் என்று கணக்கிட்டுப் பார்ப்பதே உண்மையான சிக்கனம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).