இல்லக் கணக்கும் இரண்டாம் பிரதியும்

கைக்கு வந்த சிறு தொகையையும் கொப்பியில் எழுதி, மாத முடிவிற் கூட்டிப் பார்க்கும் வழக்கம் யாழ்ப்பாணத்து இல்லங்களுக்குப் புதிதன்று. இன்று அக்கொப்பியின் இடத்தைப் பல வீடுகளிற் கணனி பிடித்துக்கொண்டது. கூட்டலிற் பிழையில்லை, தேடுவதும் எளிது. ஆயினும், பல ஆண்டுக் கணக்கு ஒரு கணத்தில் மறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. அவ்வாறு மறைந்த கணக்கொன்றினால் நாம் அடைந்த வெட்கத்தை ஈண்டுச் சொல்லத் துணிகின்றோம்.

எமது வீட்டுக் கணக்கைக் குனுகாஷ் என்னும் இலவச மென்பொருளில் எழுதி வந்தோம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திரார். அந்நாள்களில் ஒரு மாலை, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றது. பின்னர் கணக்குக் கோப்பைத் திறக்க முடியவில்லை. நல்ல வேளையாக, அம்மென்பொருள் நாம் சேமிக்குந்தோறும் முந்திய பிரதியை நாளும் நேரமும் பொறித்து அருகிலேயே வைத்துவிடுகின்றது. அதன்பின் செய்த மாற்றங்களையும் தனிக் குறிப்பாகப் பதிகின்றது. பழைய பிரதியைத் திறந்து அக்குறிப்பைச் சேர்த்தோம். ஒரு சதமும் குறையாமல் கணக்கு மீண்டது.

இனி அச்சமில்லை என்றிருந்துவிட்டோம். அதுவே பிழையாயிற்று. அவ்வாண்டு கார்த்திகை மழையில் மின்னல் தாக்கிக் கணனியின் வன்தட்டுப் பழுதானது. அசலும் பிரதிகளும் ஒரே தட்டில் இருந்தமையால் எல்லாம் ஒருங்கே போயின.

வங்கிப் புத்தகத்தைக் கொண்டு பெரும்பகுதியைத் திருப்பி எழுதினோம். ஆனால் கைமாற்றுக்கு வங்கி சாட்சியாகுமா? பருத்தித்துறையிலுள்ள உறவினர் ஒருவருக்கு 40,000 ரூபா கொடுத்திருந்தோம். முழுத் தொகையும் வரவேண்டும் என்பதே எமது நினைவு. அவரோ 15,000 ரூபா தந்துவிட்டதாகச் சொன்னார். "அண்ணை பொய் சொல்லுகிற ஆள் இல்லை" என்று மனைவியார் கூறியும் எமது மனம் ஆறவில்லை. நேரிற் சென்றோம். அவர் ஒன்றும் பேசாமல் தமது கொப்பியை விரித்து வைத்தார். பணம் பெற்றதற்கு எமது கையொப்பமே அங்கிருந்தது. கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பினோம்.

எமது உறவைக் காத்தது இன்னொரு வீட்டில் இருந்த ஏடு. ஓரிடத்தில் மட்டும் உள்ளது எவ்வாறு அழியும் என்பதை நாம் பிறரிடம் கேட்டு அறியவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு எமது பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளுக்கு மீட்சி ஏது?

ஆதலால் இப்போது நாம் கைக்கொள்ளும் முறை இது. வாரந்தோறும் மென்பொருளை மூடியபின் கணக்குக் கோப்பைப் பென்-ட்ரைவ் ஒன்றிற் படியெடுக்கின்றோம். அதனைக் கணனியிற் செருகியபடி விடுவதில்லை. இன்னொரு பிரதியைக் கடவுச்சொல்லிட்டு இணையச் சேமிப்பில் வைக்கின்றோம். அக்கடவுச்சொல்லை மனைவியாரும் அறிவார். எமக்கு ஒன்று நேர்ந்தால் கணக்கு பூட்டிய பெட்டியாகிவிடக் கூடாதல்லவா?

மாதம் ஒருமுறை, பிரதியை வேறு கணனியில் வேறு பெயரிட்டுத் திறந்து, மீதித் தொகை ஒத்திருக்கின்றதா என்று பார்க்கின்றோம். திறந்து பாராத பிரதியை நம்புவது, விதை முளைக்குமா என்று பாராமல் வயலை உழுவது போன்றது. பெயரை மாற்றாது மீட்டால், பழைய கணக்கு புதியதை அழித்துவிடவும் கூடும்.

ஆண்டு முடிவில் கணக்கைத் தாளில் அச்சிட்டும் வைக்கின்றோம். மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. பலர் கையாண்ட மைக்ரோசொப்ட் மணியின் விற்பனை 2009ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. தாளை வாசிக்கக் கண்ணிருந்தாற் போதும்.

கைமாற்றை மட்டும் இன்றும் கொப்பியில் எழுதி, இருவரும் ஒப்பமிடுகின்றோம். பருத்தித்துறை உறவினர் மீதிப் பணத்தைத் தந்தபோது, அவர் கேட்குமுன்னரே பேனையை எடுத்தோம். அவர் சிரித்தார், எமது மனப்பாரம் அன்றுதான் இறங்கியது.