மாடிக் கீரையைக் காக்கும் முறை

குளிர்ச்சியை விரும்பும் லெட்டூஸ் தமிழ்நாட்டில் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கே ஏற்றது. வண்ணாரப்பேட்டை மொட்டை மாடிகளின் வெயிலில் அது விரைவில் பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும் என்பதால், அங்கே தண்டுக்கீரையும் அரைக்கீரையுமே பொருத்தமான இலைப்பயிர்கள் ஆகும்.

இவற்றை மிகுதியாகச் சேதப்படுத்துவது இலைப்பிணைப்புப் புழு. பச்சை நிறமான இப்புழு, தான் சுரக்கும் இழையால் இலைகளை ஒட்டி மடித்து, அம்மடிப்புக்குள் மறைந்திருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்பதால், இலை நரம்பு மட்டும் எஞ்சிய சல்லடையாகிறது. மடிப்புக்குள் தெளிப்பு மருந்து எளிதில் எட்டாது என்பதால், மடிந்த இலைகளைக் கையால் கிள்ளிச் சோப்பு நீரில் அமிழ்த்துவதே முதல் வேலை. அதன்பின், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம்.

இலையின் அடியில் வெண்கொப்புளங்கள் தோன்றினால் அது வெண்துரு எனப்படும் பூசண வகை நோய். ஈரம் தங்கும் இலையில் அது பரவும் என்பதால், காலையில் வேரடியில் மட்டும் நீர் ஊற்ற வேண்டும்.

களைகளில் கோரையே பிடிவாதமானது. மேலே பிடுங்கினாலும் மண்ணிலுள்ள கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும் என்பதால், பைகளில் நிரப்புமுன்பே மண்ணைச் சலித்துக் கிழங்குகளை அகற்றிவிட வேண்டும்.

விதைத்த ஒரு மாத அளவிலேயே உணவாகும் கீரைக்கு இரசாயனப் பூச்சிக்கொல்லியை வீட்டார் அறவே தவிர்க்க வேண்டும்.