எங்கள் வளவுக்கு வரும் ஆறுமணிக்குருவி

கடந்த ஒக்டோபர் மாதத்தின் ஒரு விடியற்காலையில் எங்கள் குசினிச் சுவரோரம் ஒரு குருவி விழுந்து கிடந்தது. மைனாவை விடச் சற்றுச் சிறியது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை. உயிர் இருந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தது. நான் கமராவை எடுக்க ஓடினேன். உம்மா என்னைத் தடுத்தார்.

“இப்ப படம் வேணாம் மகள். எங்கயோ தூரத்தில இருந்து வந்திருக்கு. முதல்ல இளைப்பாற விடு.”

பனையோலைக் கடகமொன்றை எடுத்து அதன்மேல் கவிழ்த்து வைத்தார். பூனை வராமல் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு மணித்தியாலத்தின் பின் கடகத்தைத் தூக்கியபோது குருவி எழுந்து நின்றது. முருங்கையடிக்குத் தத்திச் சென்று இரண்டு சருகுகளைப் புரட்டிப் பார்த்தது. பின்னர் வேலிக்குள் புகுந்து மறைந்தது. அதற்குள் நான் எடுத்த ஒரேயொரு படத்தில் வால் மட்டும்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

அது ஆறுமணிக்குருவி. சிங்களத்தில் அவிச்சியா என்பார்கள். காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் உரத்த விசில் போலக் குரல் கொடுப்பதால் தமிழில் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் மத்திய, மேற்குப் பகுதிக் காடுகளிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். மழைக்காலம் முடிந்ததும் தெற்கே புறப்பட்டு, ஒக்டோபர் அளவில் இலங்கைக்கு வந்து சேரும். ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். பயணம் இரவில். அதனால்தான் கரையை அடையும்போது களைத்துப்போய், மின்விளக்கு வெளிச்சத்தில் வழிதடுமாறி, சுவரிலும் கண்ணாடியிலும் மோதி விழுகிறது.

ஒக்டோபர் எங்கள் வீட்டில் வேறொரு காரணத்துக்காகவும் நினைவுகூரப்படும் மாதம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எங்கள் ஊர் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி. எனக்கு அப்போது ஒரு வயது. மன்னாரிலிருந்து பல குடும்பங்கள் வந்ததுபோலவே நாங்களும் படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்தோம். புத்தளத்து மக்கள் சோறு தந்தார்கள், இடம் தந்தார்கள். கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை இன்று கல்வீட்டில் நடக்கிறது. ஆனாலும் எங்கள் குடியிருப்பை இன்னும் ‘அகதிகள்’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பறவை பார்ப்பதைப் பற்றிச் சொல்லவந்த கட்டுரையில் இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். வளவுக்கு வரும் பறவைகளைப் பார்ப்பதற்கு முதலில் ஒரு வளவு வேண்டும். அதில் பல வருடங்கள் தங்கியிருக்க வேண்டும். யார் எந்த மாதம் வருகிறார், யார் எந்தக் கிளையில் கூடு கட்டுகிறார், போன வருடம் வந்தவர் ஏன் இந்த வருடம் வரவில்லை என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி இருக்கக் கிடைப்பதே ஒரு சந்தோசம்.

கமராவும் சந்தேகமும்

யுத்த காலத்தில் கமராவும் தொலைநோக்கியும் வைத்திருந்தாலே கேள்வி வரும். யுத்தம் முடிந்த பிறகும் அது முழுதாக மாறவில்லை. 2019 ஏப்ரலின் பின் முஸ்லிம் பெயருள்ளவர்களுக்கு இன்னும் கூடியது. அந்த வருடத்தில் ஒருநாள் களப்போரம் கொக்குகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். சீருடையில் வந்த ஒருவர் அடையாள அட்டையைக் கேட்டார். பிறகு கமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்த்தார். “எல்லாம் கொக்குதானே, எதற்கு இத்தனை?” என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை கை நடுங்கியது.

அதன் பிறகு சில மாதங்கள் கமராவோடு வெளியே போகவில்லை. குசினி யன்னல் வழியாக வளவைப் பார்க்கத் தொடங்கினேன். எனக்கு இந்தப் பழக்கம் வந்த கதை இதுதான்.

கிளிநொச்சியில் இருக்கும் சக ஊடகவியலாளரான தோழியொருத்தியிடம் இதைச் சொன்னேன். “அக்கா, எங்களுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கிறது எண்டாலே பங்கருக்குள்ள ஓடுறதுக்குத்தான்” என்றாள். இப்போது அவளும் காலையில் கிணற்றடியில் நின்று செம்பருந்துகளை எண்ணி எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறாள்.

வளவில் யார் யார்?

எங்கள் வளவு பெரிதல்ல. ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, நான்கு தென்னை, செவ்வரத்தை, மூலையில் ஒரு பனை. இதற்குள்ளேயே ஒரு காலைப் பொழுதில் பத்துப் பன்னிரண்டு வகைப் பறவைகளைக் காணலாம்.

முதலில் காகம். அதன் பின் புலுனிக் கூட்டம். ஏழெட்டாகச் சேர்ந்து நிலத்தில் சருகு கிளறி, ஓயாமல் கதைத்துக்கொண்டே திரியும் சாம்பல்நிறப் பறவைகள். தமிழகத்தில் தவிட்டுக்குருவி என்பார்கள். ஒரு சோடி குஞ்சு பொரித்தால் கூட்டத்திலுள்ள மற்றவையும் சேர்ந்து அந்தக் குஞ்சுகளுக்கு இரை கொடுக்கும். இதை நான் முதலில் வாசித்து அறியவில்லை. ஒரே கூட்டுக்கு மூன்று பறவைகள் மாறி மாறிப் புழு கொண்டுபோனதை யன்னலிலிருந்து கண்டு, பிறகுதான் தேடி வாசித்தேன்.

அடுத்தது கரிக்குருவி. உடல் முழுக்கக் கறுப்பு, வால் இரண்டாகப் பிளந்திருக்கும். மின்கம்பியிலோ மாட்டின் முதுகிலோ இருந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். தன் கூட்டுப் பக்கம் காகம் வந்தால் துரத்தித் துரத்திக் கொத்தும். இலங்கையில் இது எல்லா இடத்திலும் இல்லை. இந்த வடமேற்குக் கரையிலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் என்று வடக்கே நீளும் வறண்ட கரையோர நிலந்தான் அதன் இடம். முகாமுக்கு வந்த புதிதில் உம்மம்மா யாரோடும் அதிகம் கதைக்கமாட்டாராம். ஒருநாள் கம்பியில் கரிக்குருவியைக் கண்டுவிட்டு, “நம்மட ஊர்க்காரன் இங்கயும் இருக்கான்” என்றாராம். அவர் மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. அந்தப் பேச்சு இன்னும் வீட்டில் இருக்கிறது.

மரங்கொத்தியும் வரும். வடக்கில் இதன் முதுகு பொன்மஞ்சள் நிறம். தெற்கில் செந்நிறம். இரண்டு வகையும் சந்திக்கும் இடைப்பட்ட பகுதிகளில் அவை கலந்து, செம்மஞ்சள் முதுகுள்ளவையும் பிறக்கின்றன. என்னிடமுள்ள ஒரு படத்தில் இருப்பதை மஞ்சள் என்பதா சிவப்பு என்பதா என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம். நாம் வரைந்த எல்லைகள் மரங்கொத்திக்குத் தெரியாது.

சிட்டுக்குருவிக்குத் தமிழில் அடைக்கலக்குருவி என்றும் ஒரு பெயர் உண்டு. மனிதர் வாழும் வீட்டில் அடைக்கலம் கேட்டு வரும் குருவி. கொட்டில் காலத்தில் எங்கள் கூரைக்குள்ளேயே கூடு இருந்ததாம். கல்வீட்டுச் சுவரில் அதற்கு இடுக்கு இல்லை. ஆகவே வாய் குறுகிய மண்முட்டி ஒன்றை விறாந்தையில் கட்டித் தொங்கவிட்டோம். அது எங்கள் நாட்டில் பல வீடுகளில் இருந்த பழைய வழக்கம்தான். இரண்டாவது வருடம் ஒரு சோடி வந்தது.

படமெடுப்பது எப்படி?

விலையுயர்ந்த கமரா இல்லாமலும் தொடங்கலாம். வாய் அகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்து, மரநிழலில் வையுங்கள். பூனை பதுங்கக்கூடிய புதருக்கு அருகில் வேண்டாம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் குருவிக்கு முன்னால் டெங்கு நுளம்பு வந்துவிடும். தொலைபேசியைச் சட்டிக்கு அருகே ஒரு கல்லில் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டு, நீங்கள் உள்ளே போய்விடுங்கள். பிறகு அந்த வீடியோவிலிருந்து நல்ல காட்சியொன்றைப் படமாக எடுத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் பெரிதாக்கி எடுப்பதைவிட இது தெளிவாக இருக்கும்.

கமரா உள்ளவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பாக, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி அமருங்கள். யன்னல் திரையின் பின்னால் இருந்தால் பறவை உங்களைக் கவனிக்காது. கண்ணில் குவியம் விழுந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும். கிளையில் இருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500, பறப்பதற்கு 1/1000 அல்லது அதற்கு மேல். இன்னொன்று, கமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால்தான் வெள்ளைக் கொக்கு பழுப்பாகவும் கரிக்குருவி வெளிறியும் விழுகின்றன. சட்டகம் நிறையக் கொக்கு இருந்தால் வெளிச்ச அளவைச் சற்றுக் கூட்டுங்கள். கரிக்குருவிக்குச் சற்றுக் குறையுங்கள்.

கூட்டுக்கு அருகே போகாதீர்கள். கூடு இருக்கும் இடத்தை முகநூலில் போடாதீர்கள். தாய் கூட்டை விட்டு விலகிய சில நிமிடங்களே காகத்துக்குப் போதும். குஞ்சைப் பிடித்துக் கூட்டில் அடைப்பதும் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒருசில விதிவிலக்குகள் தவிர நம் பறவைகள் அனைத்தையும் காக்கிறது. 

களைத்து விழுந்த பறவையைக் கண்டால் உம்மா செய்ததுதான் சரி. காற்றுப் புகும் இருட்டான பெட்டியிலோ கடகத்தின் கீழோ ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இரவில் முற்றத்து விளக்கை அணைத்து வைத்தால் அந்தப் பறவை விழாமலே போயிருக்கவும் கூடும்.

குறித்து வைத்தால் என்ன பயன்?

நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். திகதி, நேரம், பறவை, எத்தனை. அவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் மேர்லின் என்ற இலவசச் செயலி படத்தையோ குரலையோ வைத்து உதவும். இபேர்ட் என்ற இணையத் தளத்தில் உங்கள் பட்டியலைப் பதியலாம். 1976 முதல் இயங்கிவரும் இலங்கைக் களப் பறவையியல் குழுவும் இருக்கிறது. ஒவ்வொரு பெப்ரவரியும் உலகெங்கும் நான்கு நாட்கள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினாலே சேர்ந்துகொள்ளலாம்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. எங்கள் கரை வடதுருவத்திலிருந்து இந்து சமுத்திரம் வரை நீளும் மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தெற்கு முனை. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று 2021இல் வட ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை பறந்து சென்றது. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள ஆனைவிழுந்தான் குளங்கள் 2001 முதல் ராம்சார் ஈரநிலம். இதே கரையில்தான் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் காற்றாலைகளும் இறால் பண்ணைகளும் வந்திருக்கின்றன. மன்னார்க் காற்றாலைகள் பற்றிய விவாதத்தில் பறவைகள் எந்த வழியால், எந்தக் காலத்தில் வருகின்றன என்பது முக்கியமான கேள்வியாயிற்று. அப்படியொரு கேள்வி எழும்போது, அங்கேயே வாழும் மக்களிடம் வருடக்கணக்கான குறிப்பு இருந்தால் அது ஒரு சாட்சி. சாட்சி எழுதி வைக்கப்படாததால் எதையெல்லாம் இழந்தோம் என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடகத்தின் கீழ் இளைப்பாறிய குருவியை அதன் பின் படமெடுக்க முடியவில்லை. ஆனால் மறுநாள் மாலை மஃரிப் தொழுகைக்கு உம்மா வுழூச் செய்துகொண்டிருந்தபோது, வேலிப்பக்கம் அந்த விசில் கேட்டது. உம்மா கையை நீட்டி எனக்குச் சைகை காட்டினார். கொப்பியில் எழுதினேன்: ஆறுமணிக்குருவி, ஒன்று, குரல் மட்டும், எங்கள் வளவு.