தலைக்கு மேல் வேலை!

‘தலைக்கு மேல வேலை கிடக்கு சார்’ என்று யாராவது அலுத்துக்கொண்டால், இப்போதெல்லாம் எனக்கு அனுதாபம் வருவதில்லை. எனக்கு நிஜமாகவே தலைக்கு மேலேதான் வேலை நடந்தது. என் நாற்காலியிலிருந்து நேர் மேலே, ஒரு சீலிங் ஃபேன் தூரத்தில். மொத்தம் ஐம்பத்திரண்டு நாள்!

சென்னை நங்கநல்லூரில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு பழைய ஃபிளாட்ஸில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொசைக் தரை, மரக் கதவு, மழை பெய்தால் ஒழுகும் லாஃப்ட் என்று தொண்ணூறுகளின் சகல லட்சணங்களும் பொருந்திய கட்டடம். எங்களுக்கு நேர் மேலே இருந்த வீட்டை ஒருவர் வாங்கினார். நல்ல மனிதர். வேலை ஆரம்பிக்கும் முன்பே கீழே வந்து, கைகூப்பி, “சின்னச் சின்ன ரிப்பேர்தான் சார். பத்து நாள்ல முடிஞ்சிரும்” என்றார்.

கட்டட வேலையில் ‘பத்து நாள்’ என்பது ஒரு காலக்கணக்கு இல்லை. டெய்லர் சொல்கிற ‘காஜா எடுக்கறதுதான் பாக்கி’ மாதிரி அது ஒரு மரியாதைச் சொல். எனக்கு அது அப்போது தெரியாது. “தாராளமாப் பண்ணுங்க சார்” என்று நானும் பதிலுக்குக் கைகூப்பித் தொலைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பது. கம்ப்யூட்டரைத் திறந்து முதல் வரியை அடித்தேன். மேலே ‘டர்ர்ர்ர்ர்’ என்று ஆரம்பித்தது. ஃபேன் நடுங்கியது. மேஜை மேல் இருந்த டம்ளர் தானாகவே இரண்டு அங்குலம் நகர்ந்தது. குழந்தைகள் படத்தில் வரும் பேய் வீடு தோற்றுவிடும்!

நான் வீட்டிலிருந்தே பிழைக்கிற ஜாதி. பத்திரிகைகளுக்கு எழுதுவது ஒரு பக்கம், படித்த பி.காமுக்கு மரியாதையாக நாலு கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது இன்னொரு பக்கம். அதில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் போன் பண்ணினார். பாதிப் பேச்சில் நிறுத்தி, “சார், நீங்க கல் குவாரி ஏதாச்சும் எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார். பொறாமை கலந்த குரல்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், என்னைத் தவிர யாருக்கும் இந்தச் சத்தம் கேட்கவில்லை. மனைவி காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு. ஆறு மணிக்கு மேலே வேலையை நிறுத்திவிடுவார்கள். “எங்க, ஒண்ணும் கேக்கலையே? நீங்க எழுதறதுக்குச் சோம்பல்பட்டுட்டு...” என்று இழுப்பாள். ஞாயிற்றுக்கிழமை லீவு. பெங்களூருவில் இருக்கும் ஹவுஸ் ஓனருக்குப் போன் போட்டு, “இருங்க சார், நீங்களே கேளுங்க” என்று போனை மேலே தூக்கிப் பிடித்தால், அந்த விநாடி பார்த்து டீ வந்துவிடும். மேலே மயான அமைதி. “கிளாரிட்டி நல்லா இருக்கே சார்” என்றார் ஓனர்.

அப்பா? அவர் கதையே தனி. கோயம்புத்தூர் மில்லில் தறி ஷெட்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனபோது மில் கொடுத்த கடிகாரத்தோடு, இரண்டு செவிட்டுக் காதுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். இப்போது காதுக்குப் பின்னால் மிஷின். மேலே பிரேக்கர் ஆரம்பித்ததும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேப்பரை விரித்துவிடுவார். “இந்தக் காதை வெச்சு இன்னிக்குத்தான் கண்ணு ஒரு பிரயோசனம்” என்று சிரிப்பு வேறு.

முதலில் சட்டத்தைப் புரட்டினேன். ஒலி மாசு விதிகள் என்று 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்தது இருக்கிறது. அதன்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். அதற்கு மேல் போகக்கூடாது. இரவு நேரத்தில் சத்தம் போடும் கட்டுமான மிஷின்களை ஓட்டவே கூடாது என்று 2010-ல் ஒரு திருத்தமும் சேர்த்தார்கள். பகலில் ஓட்டலாம். ஆனால் அளவு வரம்பை விடப் பத்து டெசிபல் ஏறினால் புகார் கொடுக்கலாம்.

செல்போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கினேன். என் மேஜையில் 74 காட்டியது. கோர்ட்டில் அது செல்லாது, எனக்குச் செல்லும். 55-க்கும் 74-க்கும் பத்தொன்பதுதானே வித்தியாசம் என்று நினைத்தேன். தப்பு. டெசிபல் கூட்டல் கணக்கு இல்லை. அது கூட்டுவட்டி மாதிரி. மூன்று ஏறினால் ஒலியின் சக்தி இரட்டிப்பு. பத்து ஏறினால் பத்து மடங்கு. பத்தொன்பது ஏறினால் கிட்டத்தட்ட எண்பது மடங்கு! கந்துவட்டிக்காரர்கள்கூட இந்த ரேட் போட மாட்டார்கள்.

சரி, புகார் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு? மேல்வீட்டுக்காரரும் என் ஹவுஸ் ஓனரும் ஒரே அசோசியேஷன் மெம்பர்கள். எங்கள் ஃபிளாட்ஸில் வாடகைக்காரன் அசோசியேஷன் மீட்டிங்குக்கு நாற்காலி எடுத்துப் போடலாம், உட்கார முடியாது. பதினோரு மாத அக்ரிமென்ட் முடிய இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி. நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். நாய் வளர்ப்பது, பால்கனியில் துணி காயப்போடுவது பற்றியெல்லாம் விதி இருக்கிறது. இடிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. பல குடியிருப்புகளில் ‘காலை இத்தனை மணிக்கு மேல், மாலை இத்தனை மணிக்குள்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் இருக்கா என்று கேட்பதோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

வேறு வழியில்லாமல், தெரிந்த வித்தையில் இறங்கினேன். ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு, பேரேடு எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், என்ன மிஷின், எந்த அறைக்கு மேல். ஐந்தே நாளில் ஒரு பேட்டர்ன் தெரிந்தது. காலை 9.40 முதல் 11 வரை உடைப்பு. டீ. பிறகு ஒரு மணி வரை உடைப்பு. இரண்டு மணி வரை சாப்பாடு, அதைத் தொடர்ந்து ரப்பீஷ் மூட்டை கட்டி இறக்குவது. இது சத்தமில்லாத வேலை. மூன்றிலிருந்து ஐந்தரை வரை கட்டிங் மெஷின்.

இன்னொன்றும் பிடிபட்டது. சத்தம் இரண்டு ஜாதி. பிரேக்கர் சத்தம் காங்கிரீட் வழியாக இறங்குவது. ஜன்னலைச் சாத்தினாலும் பிரயோசனமில்லை. நம் வீட்டு சீலிங்கே ஸ்பீக்கர் ஆகிவிடுகிறது. அன்றைக்கு அவர்கள் எந்த அறையில் உடைக்கிறார்களோ அதற்குக் கோடிமூலையில் இருக்கும் அறைக்கு நாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அவர்கள் பாத்ரூம் என்றால் நான் பால்கனி. அவர்கள் ஹால் என்றால் நான் சமையலறை. அரிசி டின் மேல் கம்ப்யூட்டரை வைத்து ஒரு தலையங்கமே எழுதியிருக்கிறேன். டைல்ஸ் வெட்டும் ‘க்ரீச்’ அப்படி இல்லை. அது முக்காலும் காற்றில், ஜன்னல் வழியாக வருவது. ஜன்னலைச் சாத்தினால் பாதிக்குப் பாதி குறையும். வெட்டுகிற இடத்தையே மாற்றிவிட்டால் இன்னும் குறையும்.

நோட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஓனரிடம் இல்லை, மேஸ்திரியிடம். “அண்ணே, சத்தம் போடாதீங்கன்னு சொல்ல வரலை. என்னிக்கு எங்க உடைப்பீங்கன்னு முதல் நாள் சாயங்காலமே சொல்லிடுங்க. டைல்ஸை மட்டும் மொட்டை மாடியில வெட்டுங்க” என்றேன்.

மேஸ்திரி நோட்டைப் புரட்டினார். முகம் மாறியது. “என்ன சார், எங்க லேபர் வந்த டைம் எல்லாம் கரெக்டா எழுதி வெச்சிருக்கீங்க? ஓனர் சொல்லி எழுதுறீங்களா?”

“ச்சே ச்சே!”

“காட்டிக் கொடுத்துடாதீங்க. டைல்ஸ் நாளையிலேர்ந்து மாடியில வெட்டுறோம்.”

சட்டம் தராததை ஒரு நாற்பது பக்க நோட்டு தந்தது! அன்றிலிருந்து தினம் சாயங்காலம் மேஸ்திரி படி இறங்கும்போது, “நாளைக்குக் கிச்சன் சார், காடி எடுக்கறோம். பதினொண்ணு வரைக்கும் பொறுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். சத்தம் அதேதான். ஆனால் பதினொன்றுக்கு முடியும் என்று தெரிந்துவிட்டால், அதே ‘டர்ர்ர்’ரில் பாதி வலி இல்லை. போன்களை எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளினேன். கணக்கு வேலையை ரப்பீஷ் நேரத்தில் முடித்தேன். மெடிக்கல் ஷாப்பில் நுரையில் செய்த இயர் பிளக் ஒரு டப்பா வாங்கினேன்.

இதோடு கட்டுரை முடிந்திருக்க வேண்டும். அப்பா விடவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைக் காணோம். மேலே போய்ப் பார்த்தால், தூசிக்கு நடுவில் நிற்கிறார். எதிரில் பிரேக்கர் ஓட்டும் பையன். இருபது வயசுகூட இருக்காது. ஒடிசாக்காரன். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை. காதில் இரண்டு விள்ளல் பஞ்சு. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இந்தி தெரியாது. அவனுக்குத் தமிழ் பாதிதான். அப்பா கையை ஆட்டி ஏதோ சொல்கிறார், பையன் தலையாட்டுகிறான். தறி ஓடும்போது வாயால் பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான் என்று சின்ன வயசில் சொல்லியிருக்கிறார். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழித்து அந்தப் பாஷையை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

கீழே வந்ததும் மிஷினை மாட்டிக்கொண்டு, “நீ சொல்றது அவனுக்குக் கேக்குதான்னு பார்த்தியா?” என்று கேட்டார்.

“மிஷின் ஓடுதுல்லப்பா.”

“நிறுத்தினப்புறம் பாரு. பின்னால நின்னு கூப்பிடு.”

மறுநாள் டீ நேரத்தில் போனேன். மிஷின் நின்றிருந்தது. பையன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். “தம்பி” என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவன் தொட்டுக் காட்டியதும்தான் திரும்பினான். “கியா சார்?” என்றான், எதிர் வீட்டு மாடியில் இருப்பவனிடம் பேசுகிற குரலில்.

அன்று ராத்திரி கொஞ்சம் படித்தேன். நியோஷ் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்கென்றே அரசு நடத்துவது. அதன் பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் நாலு மணி நேரம். 94 என்றால் ஒரு மணி நேரம். 100 என்றால் பதினைந்து நிமிடம். காங்கிரீட் உடைக்கும் பிரேக்கரைக் கையில் பிடிப்பவனுக்கு 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். பையன் 9.40-க்கு ஆரம்பித்தால், 9.55-க்கு அவனுடைய அன்றைய கோட்டா தீர்ந்துவிடுகிறது. என் பேரேட்டில் ஒரு மணி வரைக்கும் எழுதியிருக்கிறது. இருபத்தோரு நாள் பக்கங்களில் என் அவஸ்தைக்குத்தான் கணக்கு இருந்தது. அந்தப் பையனுக்கு ஒரு காலம்கூட இல்லை. மெஷினுக்குத் தேய்மானம் போட பி.காமில் மூன்று வருஷம் சொல்லித் தந்தார்கள்!

இந்த வகைச் செவிட்டுத்தனம் கீச்சுக் குரலிலிருந்துதான் ஆரம்பிக்குமாம். குக்கர் விசில், சைக்கிள் மணி, குழந்தைப் பேச்சு முதலில் போகும். போனது திரும்பாது. சத்தத்தால் காது கெடுவது தொழில்நோய் என்று சட்டத்திலேயே இருக்கிறது. “உங்க மில்லுல யாராவது இதைச் சொன்னாங்களாப்பா?” என்று கேட்டேன்.

“பஞ்சு குடுப்பாங்க. மில்லுல பஞ்சுக்கா பஞ்சம்?” என்றார்.

என் இயர் பிளக் டப்பாவிலிருந்து ஆறு ஜோடியை அப்பா எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அதை எப்படிப் போடுவது என்று எனக்கே அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது. சும்மா சொருகினால் போதாது. விரலால் உருட்டி மெல்லிசாக்கி, இன்னொரு கையால் காது மடலை மேலே, பின்னால் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது உப்பும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். அப்பா தன் காதிலேயே செய்து காட்டினார். பையன் போட்டுக்கொண்டு பிரேக்கரை ஒரு தட்டு தட்டினான். உடனே நிறுத்திவிட்டு, அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். புருவத்து வெள்ளையெல்லாம் உதிர்ந்தது.

மேஸ்திரி மட்டும், “இதையெல்லாம் பழக்கிவிடாதீங்க சார், அப்புறம் தினம் கேப்பானுங்க” என்றார். தினம் கேட்டான். கொடுத்தோம். மேல்வீட்டுக்காரரிடம் அப்பாவே போய்ச் சொன்னார். பாவம், மனிதர் ஹெட்போன் மாதிரி தலையில் மாட்டுகிற இயர் மஃப் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார். மொத்த ரிப்பேர்ச் செலவில் ஒரு பாத்ரூம் குழாய் விலைகூட இருக்காது.

ஐம்பத்திரண்டாம் நாள் வேலை முடிந்தது. மேல்வீட்டில் பால் காய்ச்சினார்கள். லட்டும் மிக்ஸரும் வந்தது. ஹவுஸ் ஓனரும் பெங்களூருவிலிருந்து வந்திருந்தார். மேலே போய்ப் பளபளவென்ற புதுத் தரையைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். குனிந்து, மொசைக்கை விரலால் தட்டினார்.

“ரொம்பப் பழசாயிடுச்சு இல்ல சார்? மாத்திட்டா வாடகையும் கொஞ்சம்... சரி, அக்ரிமென்ட் முடியட்டும், பேசிக்கலாம். அந்த மேஸ்திரி நம்பர் இருக்கா?”

கொடுத்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். ‘வேறு வீடு பார்க்க ஆரம்பிக்கணுமா?’ என்று அர்த்தம்.

ஓனர் போனதும், “என்னவாம்?” என்றார் அப்பா. காதோரம் போய்ச் சொன்னேன். சற்று யோசித்தார்.

“உடைக்கறதுக்கு அந்தப் பையனேதான் வருவானான்னு மேஸ்திரிகிட்டக் கேளு” என்றார்.